கார் பார்ப்பது உங்கள் கண்ணையா, கையை மட்டுமா? லெவல் 2 கார் ஓட்டுபவர்களுக்கு

லேனைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகும் வண்டிக்குத் தக்கபடி வேகத்தையும் கூட்டிக் குறைக்கும் கார்களை லெவல் 2 என்கிறார்கள். சாலையைப் பார்க்கும் பொறுப்பு இதில் முழுக்க ஓட்டுபவருடையதுதான். அவர் பார்க்கிறாரா என்று சோதிக்கத்தான் ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொல்லி அந்த பீப் வருகிறது. கையை எடுக்கவே இல்லை, ஆனாலும் பீப் அடிக்கிறது என்பது நிறையப் பேரின் புகார். கார் எதை அளக்கிறது என்று தெரிந்துவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி குறைந்துவிடும்.

உங்கள் காரில் எந்த வகை?

கிளஸ்டருக்கு (வேகமானி உள்ள பலகை) கீழே, ஸ்டீயரிங் தண்டின் மேல், ஏ பில்லரில் (முன் கண்ணாடியின் பக்கத்துத் தூண்), ரியர் வியூ கண்ணாடிக்கு மேலே என்று நான்கு இடங்களிலும் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி பதித்த சிறு சன்னல் ஓட்டுநர் முகத்தை நோக்கி இருந்தால் அது கேமரா. இருட்டில் காரை ஆன் செய்து, போனின் செல்ஃபி கேமரா வழியாக அந்த இடத்தைப் பாருங்கள். பல போன்களில் மங்கலான ஊதா வெளிச்சம் தெரியும். முகத்தின் மேல் அடிக்கும் அகச்சிவப்பு விளக்கு அது. மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ மின்கார்களின் உயர் வேரியண்ட்களில் இப்படிக் கேமரா உண்டு.

கேமரா இல்லையென்றால் கார் உங்கள் கையை மட்டும்தான் பார்க்கிறது. அதிலும் இரண்டு வகை. எச்சரிக்கை வந்ததும் அழுத்தாமல், திருப்பாமல், உள்ளங்கையை ஸ்டீயரிங் வளையத்தின் மேல் சும்மா வையுங்கள். எச்சரிக்கை அணைந்தால் உங்களுடையது போன் திரையைப் போலத் தொடுதலை உணரும் வளையம். லேசாகத் திருப்பினால்தான் அணைகிறது என்றால் அது டார்க் சென்சார், அதாவது நீங்கள் கொடுக்கும் முறுக்கு விசையை அளப்பது. இந்தியாவில் அதிகம் விற்கும் லெவல் 2 கார்கள் பலவற்றில் இருப்பது இந்த டார்க் சென்சார்தான்.

டார்க் சென்சார்: பிடித்திருந்தும் ஏன் பீப்?

இரண்டு கையாலும் சம எடையில், 9 மணி, 3 மணி நிலைகளில் பிடித்தால் இடது கையின் விசையும் வலது கையின் விசையும் ஒன்றையொன்று அடித்துவிடும். மிச்சம் பூஜ்யம். நேர்ச்சாலையில் கார் தானே நேராகப் போவதால் நீங்கள் திருத்தவும் வேண்டியிருக்காது. சென்சாரின் கணக்கில் ஸ்டீயரிங்கில் ஆளே இல்லை! ஒழுங்காகப் பிடிப்பவருக்கே அதிக பீப் வருவது இதனால்தான்.

இதற்கு வழி சுலபம். ஒரு கையின் எடையை மட்டும் வளையத்தில் தொங்கவிடுங்கள். வலது கை 3 மணி நிலையில், முழங்கை தளர்ந்து, கையின் பாரம் கீழ்நோக்கி இழுக்கட்டும். இடது கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். நொடிக்கொரு தரம் ஆட்ட வேண்டியதில்லை. எச்சரிக்கை வந்துவிட்டால் காரின் திசை மாறாத அளவுக்கு மெல்ல அழுத்துங்கள். பதறிப்போய் வெடுக்கென்று இழுத்தால், ஓட்டுநர் தானே ஓட்டுகிறார் என்று நினைத்து லேன் உதவி விலகிவிடும். வளைவில் இது நடந்தால் அடுத்த நொடியில் நீங்கள் பக்கத்து லேனில் இருப்பீர்கள்.

தொடு வளையத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் எதிரி, கடையில் வாங்கித் தைத்துப் போடும் தடித்த ஸ்டீயரிங் கவர். கைக்கும் சென்சாருக்கும் நடுவே அது நின்றுவிடும். கவரைக் கழற்றுங்கள். தடித்த கையுறையும் இதே வேலையைச் செய்யும்.

எவ்வளவு நேரம் விடுகிறது என்று அளந்து வையுங்கள்

லேன் உதவிக்கான ஐ.நா.வின் 79ஆம் எண் விதி ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கை எடுத்து 15 வினாடிக்குள் படக்குறி வர வேண்டும். 30 வினாடிக்குள் அது சிவப்பாகி ஒலியும் சேர வேண்டும். ஒலி தொடங்கி 30 வினாடிக்குள் லேன் உதவி அணைய வேண்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 15 வினாடி என்றால் 400 மீட்டருக்கு மேல். முதல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஒரு முழுச் சந்திப்பைக் கடந்திருப்பீர்கள்.

உங்கள் காரின் நேரத்தை நீங்களே அளக்கலாம். லேன் கோடு தெளிவாக உள்ள, வண்டி குறைந்த நான்கு வழிச்சாலையில், பகலில், 70 முதல் 80 கி.மீ. வேகத்தில் போங்கள். கையை வளையத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, பிடிக்கத் தயாராக வைத்திருங்கள். கண் சாலையில் இருக்கட்டும். ஸ்டாப்வாட்ச் பக்கத்தில் இருப்பவர் கையில்தான் இருக்க வேண்டும். முதல் குறி, முதல் ஒலி இரண்டுக்கும் நேரம் குறித்துக்கொண்டு, ஒலி வந்ததும் பிடித்துவிடுங்கள். உதவி அணையும் வரை காத்திருக்க வேண்டாம். மூன்று முறை அளந்து, எண்களை மேனுவலின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாமலே விட்டால், கடைசிக் கட்டத்தில் எல்லாக் கார்களும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. சில உதவியை அணைத்துவிட்டு உருண்டுகொண்டே போகும். சில அபாய விளக்கைப் போட்டு அதே லேனில் நின்றுவிடும். பின்னால் லாரி வரும் சாலையில் இரண்டுமே ஆபத்துதான். உங்கள் கார் எதைச் செய்யும் என்பதை மேனுவலில் படியுங்கள், சாலையில் சோதிக்காதீர்கள்.

கேமரா உள்ள கார்

2017இல் காடிலாக் சிடி6 காரில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த சூப்பர் குரூஸ்தான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கையை எடுக்க விடும், கண்ணை எடுக்க விடாது. வளையத்தின் மேல் உள்ள விளக்குப் பட்டை பச்சையாக எரிந்தால் கார் ஓட்டுகிறது. பச்சை மின்னினால் சாலையைப் பார் என்று பொருள். சிவப்பு மின்னினால் உடனே நீ ஓட்டு.

கேமரா தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, விழி எங்கே பார்க்கிறது, இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்று கணக்கெடுக்கிறது. ஐரோப்பிய விதிப்படி, 50 கி.மீ.க்கு மேல் வேகத்தில் பார்வை மடிப்பக்கம் 3.5 வினாடி தங்கினால் எச்சரிக்கை வர வேண்டும். 20 முதல் 50 கி.மீ. வரை என்றால் 6 வினாடி. மடியில் போன் வைத்திருப்பவரைக் குறிவைத்து எழுதிய எண்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது.

முகம் தெரியவில்லை என்ற செய்தி அடிக்கடி வந்தால் முதலில் ஸ்டீயரிங் உயரத்தைப் பாருங்கள். கேமரா ஸ்டீயரிங் தண்டில் இருந்தால், வளையத்தைத் தாழ்த்தி வைத்திருப்பவர்களுக்கு அதன் மேல்விளிம்பே முகத்தை மறைக்கும். சீட்டைச் சரிசெய்து, பிறகு வளையத்தை ஏற்றி இறக்கி, கேமராவின் கறுப்புச் சன்னல் முழுதாக உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். நீங்கள் அதைப் பார்க்க முடிந்தால் அதுவும் உங்களைப் பார்க்கும். 12 மணி நிலையில் ஒரு கையைப் போட்டு ஓட்டும் பழக்கமும் இதே மறைப்பைச் செய்யும். அடுத்து கூலிங்கிளாஸ். கறுப்பாக இருப்பதாலேயே எல்லாம் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை, சில மட்டும் தடுக்கும். கழற்றிப் பார்த்துச் செய்தி நின்றால் வேறு கண்ணாடி வாங்குங்கள். தொப்பி விளிம்பு, பக்கவாட்டில் அடிக்கும் மாலை வெயில், கேமராச் சன்னலில் படிந்த விரல் ரேகை எல்லாம் அதற்குப் பிறகுதான். துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும், டேஷ்போர்டு பாலிஷ் படக்கூடாது.

காபிக் கோப்பை

கேமரா இல்லாத காரிலும், ஓய்வெடுக்கச் சொல்லும் காபிக் கோப்பைப் படம் வரலாம். ஸ்டீயரிங்கைத் திருத்தும் முறையை வைத்துக் களைப்பை ஊகிக்கும் ஏற்பாடு அது. மெர்சிடிஸ் 2009இல் கொண்டுவந்தபோது 80 கி.மீ.க்கு மேல்தான் வேலை செய்தது. பயணத் தொடக்கத்தில் நீங்கள் ஓட்டும் விதத்தைக் கற்றுக்கொண்டு, பிறகு அதோடு ஒப்பிடுகிறது. ஆகவே தூக்கக் கலக்கத்தோடேயே கிளம்பினால் ஒப்பிடும் அளவுகோலே கோணல். லேன் உதவி ஓட்டும்போது திருத்துவது நீங்கள் அல்ல என்பதால் ஊகிக்கவும் அதற்கு அதிகம் கிடைக்காது. விடிகாலை 2 முதல் 5 மணி வரை இந்தப் படம் வரவில்லை என்பதை வைத்துத் தெம்பாக இருக்கிறோம் என்று எண்ண வேண்டாம்.

வந்துவிட்டால் பெட்ரோல் பங்கிலோ சுங்கச்சாவடி ஓய்விடத்திலோ நிறுத்துங்கள், சாலை ஓரத்தில் அல்ல. காபியைக் குடித்துவிட்டு உடனே 15 முதல் 20 நிமிடம் தூங்குங்கள். எழும் நேரத்தில் காபி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். சன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் பலன் தராது.

ஏமாற்றும் கருவிகள்

ஸ்டீயரிங்கில் மாட்டும் எடை, இடுக்கில் சொருகும் தண்ணீர் பாட்டில் எல்லாம் டார்க் சென்சாரை ஏமாற்றும் என்பது உண்மைதான். அப்படி ஒரு காந்த எடையின் விற்பனையை 2018இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு நிறுத்தச் சொன்னது. எடை மாட்டிய காரில் நீங்கள் மயங்கி விழுந்தாலும் அதற்குத் தெரியாது, ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். தவிர, அவசரத்தில் திருப்பும்போது பாட்டில் கைக்கு நடுவே வரும்.

சர்வீஸுக்குப் பின்

வீல் அலைன்மென்ட் செய்தாலோ ஸ்டீயரிங் தொடர்பான எதையாவது கழற்றினாலோ, ஸ்டீயரிங் கோண சென்சாரின் பூஜ்யத்தை ஸ்கேனர் வைத்து மறுபடி அமைத்தார்களா என்று கேளுங்கள். ஒரு பக்கம் இழுக்கும் வண்டியில், டயர் காற்று ஏற்றத்தாழ்வாக இருந்தாலும்கூட, கை விசை எது, வண்டியின் இழுப்பு எது என்ற கணக்கு குழம்பும். வெளியே வந்ததும் டயர் காற்றைச் சரிபார்த்து, பழைய ஸ்டாப்வாட்ச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். மேனுவலில் எழுதி வைத்த எண்ணுக்கும் இப்போது வருவதற்கும் சில வினாடிகள் வித்தியாசம் இருந்தால் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய், இரண்டு எண்களையும் காட்டிக் கேளுங்கள்.