தூக்கமில்லை, களைப்பும் இல்லை: பைபோலாரை வீட்டில் அடையாளம் காண்பது எப்படி

மனநல டாக்டரிடம் நாம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் அவர் முடங்கிக் கிடக்கும்போதுதான். "சாப்பிடமாட்டேங்கிறான், குளிக்கமாட்டேங்கிறான், வேலைக்குப் போய் பத்து நாளாச்சு" என்று சொல்வோம். டாக்டர் டிப்ரஷன் என்று எழுதுவார். அது பைபோலார் என்ற, மனநிலை சில காலம் அளவுக்கு மீறி ஏறியும் சில காலம் இறங்கியும் போகும் நோயின் ஒரு பாதியாகவும் இருக்கலாம். மறுபாதியை வீட்டுக்காரர்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

என் தம்பிக்கு அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஓ.பி.யில் இருந்த டாக்டரம்மா எங்கள் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பவாவது தூக்கமே இல்லாம, ஆனா களைப்பே இல்லாம, வழக்கத்தைவிட ரொம்ப வேகமா இருந்தாரா?" சித்திரை மாதத்தில் அவன் இருந்த கோலம் அப்போதுதான் பேச்சில் வந்தது.

அந்த மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மாடிச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருப்பான். விடிந்ததும் பளிச்சென்று சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். கும்பகோணத்திலிருந்து சென்னைவரை பார்சல் கம்பெனி ஆரம்பிக்கப்போவதாகச் சொல்லி, போன் ஆப்பில் கடன் வாங்கி, பழைய லோடு ஆட்டோ இரண்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தான். ஒரு விஷயம் பேசி முடிப்பதற்குள் அடுத்ததுக்குத் தாவுவான். இடையில் யாராவது வாயைத் திறந்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "புள்ளைக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்று பெரியப்பா சந்தோஷப்பட்டார்.

இதுதான் மேனியா. இதில் நீங்கள் முதலில் கவனிக்கவேண்டியது தூக்கம். தூக்கம் வராமல் தவிப்பது வேறு. மறுநாள் உடம்பு அடித்துப்போட்டாற்போல இருக்கும். மேனியாவில் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கினாலே போதும் என்று இருக்கும், களைப்பும் தெரியாது. கூடவே ஓயாத பேச்சு, தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் யோசனைகள், தன்னால் முடியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு, கண்மண் தெரியாத செலவு, வண்டியில் வேகம், அவருடைய சுபாவத்துக்கே ஒவ்வாத நடத்தை ஆகியவற்றில் சில சேர்ந்து வரும். எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள் என்று எண்ணவேண்டாம். சிலருக்கு முழுக்க எரிச்சலாகவே வெளிப்படும். திமிர் என்று வீட்டில் திட்டு விழும்.

டாக்டர்கள் நாள் கணக்கும் பார்ப்பார்கள். இந்த நிலை ஒரு வாரமாவது நீடித்தால், அல்லது அதற்குள்ளேயே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனால், மேனியா. 4 நாளாவது நீடித்து, மற்றவர்களுக்கு மாற்றம் தெரிகிறது, ஆனாலும் வேலையும் குடும்பமும் குலையவில்லை என்றால் ஹைப்போமேனியா. டிப்ரஷனுக்குக் குறைந்தது 2 வாரம். மேனியா வந்தவருக்கு இருப்பது பைபோலாரின் முதல் வகை. ஹைப்போமேனியாவும் டிப்ரஷனும் வருபவருக்கு இரண்டாம் வகை. காலையில் சிரித்து மாலையில் அழுபவரையெல்லாம் பைபோலார் என்று சொல்லிவிடாதீர்கள். இது நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும் மாற்றம். பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். பிரசவமான முதல் சில வாரங்களில் இப்படித் தூக்கமின்றி வேகமெடுக்கும் பெண்ணை அன்றைக்கே டாக்டரிடம் காட்டவேண்டும். தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து.

பைபோலாரைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டுக்கு ரத்தம் எடுப்பார்கள். தைராய்டு அதிகமானாலும் இதே மாதிரி ஆட்டம் வரும். ஸ்டீராய்டு மாத்திரை, கஞ்சா, குடி பற்றியும் கேட்பார்கள். மானம் போகுமே என்று மறைக்காதீர்கள். மற்றபடி எல்லாமே நீங்கள் சொல்வதை வைத்துத்தான்.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். என்னிடம் இருப்பது சாதாரண நாற்பது பக்க நோட்டு. தேதி, தூங்கிய நேரம், பேச்சு, செலவு, சாப்பாடு, மாத்திரை, இவ்வளவுதான். ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "சனி. தூக்கம் 2 மணி நேரம். களைப்பு இல்லை. ராத்திரி 1 மணிக்குப் பெரியப்பாவுக்கு போன். ஆட்டோ அட்வான்ஸ்." "ஓவரா பண்றான்" என்று எழுதினால் டாக்டருக்கு உதவாது, என்ன செய்தான், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். ரத்த சொந்தத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, தற்கொலை நடந்ததா என்பதையும் கடைசிப் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. பைபோலார் உள்ளவருக்கு டிப்ரஷன் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும். மனநிலையை நிலைநிறுத்தும் மருந்துகள் வேறு. 1949இல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் மேனியாவுக்குப் பயன்படும் என்று காட்டிய லித்தியம் இன்றும் முக்கியமான மருந்து. ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கவேண்டும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தி, பேதி, கடும் வெயிலில் நீர் வற்றுதல், கடையில் தானாக வாங்கிய சில வகை வலி மாத்திரை எல்லாமே அளவை ஏற்றிவிடக்கூடும். கை பலமாக நடுங்கி நடை தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் பக்கத்தில் மனநிலை சரியில்லாதவர்களைக் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைப்பது வழக்கம். தாராளமாகப் போங்கள், அம்மாவும் போனாள். மாத்திரை டப்பாவும் கூடவே போகவேண்டும்.

இறங்குமுகத்தில் இருப்பவரிடம் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். ஆபத்து கண்ணெதிரே இருந்தால் 108.

மேனியா உச்சத்தில் இருப்பவரிடம் வாதம் செய்து பலனில்லை. குரலைத் தாழ்த்தி, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி, டாக்டரிடம் கூட்டிப்போகப் பாருங்கள். ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கும், எந்த அறிகுறி வந்தால் டாக்டரைப் பார்ப்பது என்பதையெல்லாம் அவர் தெளிவாக இருக்கும்போதே பேசி முடிக்கவேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது: எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேசலாம் என்று நோயாளியே முன்கூட்டி எழுதிவைக்கலாம். தம்பி அதில் என் பெயரை எழுதியிருக்கிறான். இரண்டு நாள் சேர்ந்தாற்போல மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் தன்னைக் கேட்காமலே அக்கா டாக்டருக்கு போன் செய்யலாம் என்பதையும் அவன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறான்.