பழைய காரில் சக்கரம் சத்தம் போட்டால்

முதலில் சத்தம் எப்போது வருகிறது என்று பாருங்கள், மெக்கானிக்கிடம் போவது அப்புறம். கிருஷ்ணகிரி - தர்மபுரி நாலுவழிச் சாலையில் காலையில் கூட்டமில்லாதபோது ஜன்னலை இறக்கி, பாட்டை அணைத்துவிட்டு, 60-இல் ஓட்டுங்கள். 'ஊஊ' என்று முனகி, வேகம் கூடக்கூட அதுவும் கூடினால் பெரும்பாலும் வீல் பேரிங், அதாவது சக்கரம் உரசாமல் சுழல உதவும் குண்டு வளையம். வலப்பக்கம் லேசாக வளைக்கும்போது சத்தம் ஏறினால் இடப்பக்கச் சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் அப்போது பாரம் அந்தப் பக்கம்தான் சாயும். சாலையின் தார்ப்பரப்பு மாறினால் சத்தமும் மாறுகிறதா? அப்படியானால் டயர்தான், பேரிங்கை மாற்றிக் காசைக் கரியாக்காதீர்கள்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு. பிரேக் மிதித்தால் கிறீச்சிட்டால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், அந்தப் பேட்டோடு தொப்பூர் மலை இறக்கத்தில் இறங்காதீர்கள். திடீரென்று தகரம் உரசுவதுபோல் கேட்டால் பயப்பட வேண்டாம், ஜல்லி லாரிகள் ஓடும் நம் பக்கத்தில் பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் பொடிக்கல் மாட்டுவது சகஜம். மெதுவாக ரிவர்ஸ் எடுத்தாலே சில சமயம் விழுந்துவிடும்.

சரி, உறுதி செய்ய: சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். காருக்கு அடியில் மட்டும் போகாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென ஆடினால் பேரிங்கோ, சக்கரத்தைத் தாங்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட்டோ போய்விட்டது. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட், அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி. ஆட்டமே இல்லாவிட்டால் நியூட்ரலில் கையால் சுழற்றி, சுருள் ஸ்பிரிங்கில் விரல் வையுங்கள், கரகரப்பு தெரியும். வீல் நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், பஞ்சர் போட்ட மறுநாள் எனக்கு வந்த சத்தம் வெறும் லூஸ் நட்டுதான்.