கடன் விளம்பரத்தை ஏமாறாமல் படிப்பது எப்படி?

செய்தித்தாளுக்குள் செருகி வரும் நோட்டீஸ், ஈபி கம்பத்தில் ஒட்டிய 'கடன் தொல்லையா?', ஃபேஸ்புக்கில் '7% வட்டியில் உடனடிக் கடன்'. இதில் ஏதாவது ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே போன் கால்குலேட்டர். அவ்வளவு போதும்.

படி 1: வட்டி எதன் மேல்?

வீட்டுக் கடனுக்கு வங்கிகள் வழக்கமாகக் குறையும் நிலுவையின் மேல்தான், அதாவது இன்னும் பாக்கி இருக்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி போடும். ஆனால் வண்டிக் கடன், தனிநபர் கடன், சொத்தை வைத்து வாங்கும் பைனான்ஸ் கடன்களில் 'பிளாட்' வட்டி, அதாவது கடைசி வரை முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் போடும் வட்டி, நுழைந்துவிடும். 5 லட்சம், 7% பிளாட், 5 வருடம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 35,000 வீதம் மொத்த வட்டி 1,75,000. மாதத் தவணை 11,250. அசலில் பாதியை அடைத்த பிறகும் முழு 5 லட்சத்துக்கே வட்டி ஓடும். இதே தவணையைக் குறையும் நிலுவைக் கணக்கில் போட்டால் வட்டி ஏறக்குறைய 12.5% வருகிறது! ஏழு என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை.

'வெறும் ஒன்றரை ரூபாய் வட்டி' என்றால் மாதம் நூற்றுக்கு ஒன்றரை, அதாவது வருடத்துக்கு 18%. அப்புறம், '8% முதல்' என்பதில் அந்த 'முதல்'தான் முக்கியம். அந்த வட்டி நல்ல சிபில் ஸ்கோர் (இதுவரை கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்) இருப்பவர்களுக்கு. உங்களுக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

படி 2: கேஎஃப்எஸ் கேளுங்கள்

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு வங்கியோ நிதி நிறுவனமோ கேஎஃப்எஸ் என்ற விவரத் தாளைத் தந்தாக வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் ஏபிஆர் என்ற எண்ணைத் தேடுங்கள். வட்டியோடு பிராசஸிங் ஃபீஸ், காப்பீடு போன்ற செலவுகளையும் சேர்த்த ஆண்டு விகிதம் அது. இரண்டு விளம்பரங்களை ஒப்பிட வேண்டுமானால் இந்த எண்ணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. 'கையெழுத்துப் போடுங்க சார், தாள் அப்புறம் வரும்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 3: 'தள்ளுபடி' என்றால் நில்லுங்கள்

எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த வகை மேல்தான். ஏற்கெனவே நொந்து போனவரிடம் பிடுங்குகிற வேலை இது. ஃபீஸ் வாங்கிக்கொண்டு 'கடன் தள்ளுபடிச் சான்றிதழ்' தருகிறவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பர் 11 அன்று எச்சரித்தது. அப்படி ஒரு சான்றிதழ் தர அவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

இன்னொரு வகை செட்டில்மென்ட் ஆட்கள், அதாவது பாக்கியைக் குறைத்துப் பேசிக் கடனை முடித்துத் தருவதாகச் சொல்கிறவர்கள். 'தவணை கட்டுவதை நிறுத்துங்கள், வங்கியிடம் நாங்கள் பேசுகிறோம், எங்களுக்கு மாதம் இவ்வளவு கொடுங்கள்' என்பார்கள். 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கடன் வாராக் கடன் ஆகிவிடும். வீட்டுக் கடன் என்றால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அதன் பிறகு நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வீட்டை எடுக்க வங்கிக்கு வழி உண்டு. உண்மையிலேயே செட்டில்மென்ட் ஆனாலும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும், அடுத்த கடனுக்கு அது தடை. தவணை கட்ட முடியவில்லையா? நேராகக் கிளை மேலாளரைப் பார்த்து, காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு இடைத்தரகர் எதற்கு?

'சிபிலைச் சரிசெய்து தருகிறோம்' என்பதும் இதே ரகம்தான். தவறான பதிவைத் திருத்தச் சொல்லி நீங்களே இலவசமாகக் கேட்கலாம். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது.

படி 4: பணம் யார் கணக்குக்குப் போகிறது?

நான் கடனே கேட்காதபோது 'உங்கள் கடன் அங்கீகரிக்கப்பட்டது, ஜிஎஸ்டி மட்டும் கட்டவும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தது, அசோகச் சின்னத்தோடு! உண்மையான வங்கியும் சில சமயம் விண்ணப்பக் கட்டணம் வாங்கும்தான். ஆனால் அது வங்கியின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போகாது.

படி 5: புகார்

விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வங்கி மேல் புகார் என்றால் முதலில் வங்கிக்கே எழுதுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, விவரம் கேட்க 14448. பணம் பறிபோய்விட்டதென்றால் யோசிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு.