மாடி வீட்டுக்கு ரவுட்டரும் ஆக்சஸ் பாயின்ட்டும் தேர்ந்தெடுப்பது எப்படி?

கீழே ஹாலும் சமையலறையும், மாடியில் படுக்கையறைகளும் உள்ள வீட்டில் ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் ஹாலோடு நின்றுவிடும். இணைய நிறுவனம் தரும் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மாடியில் வீடியோ அழைப்பு விட்டு விட்டு வரும். உடனே ஆறு ஆன்டெனா, எட்டு ஆன்டெனா என்று விலை உயர்ந்த ரவுட்டரைத் தேடத் தொடங்குகிறோம். அந்தப் பணத்தை அப்படியே கேபிளுக்கும், மாடியில் வைக்க ஓர் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் (ரவுட்டரோடு கேபிளில் இணைந்து, தான் இருக்கும் இடத்தில் வைஃபை தரும் பெட்டி) செலவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

வைஃபை இருவழித் தொடர்பு என்பதுதான் இதற்குக் காரணம். ரவுட்டரின் அலை மாடிக்கு வந்தால் மட்டும் போதாது. அதைவிடக் குறைந்த ஆற்றலில் இயங்கும் கைபேசியின் அலை, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டிக் கீழே போய்ச் சேரவும் வேண்டும். மாடியிலிருந்து நாம் பேசுவது கீழே இருப்பவருக்குக் கேட்காதபோது, அவர் கையில் ஒலிபெருக்கி இருந்து என்ன பயன்? அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட வேகமாகத் தரவைக் கடத்தும் என்றாலும், சுவரிலும் தளத்திலும் விரைவாக வலுவிழந்துவிடும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் அளந்து பாருங்கள். சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கைபேசியில் நிறுவி, கதவுகளைச் சாத்திவிட்டு, வழக்கமாக உட்காரும் இடங்களில் எல்லாம் பாருங்கள். மைனஸ் 67 அல்லது அதைவிட மேலாக (மைனஸ் 60, மைனஸ் 50 என்று) இருந்தால் வீடியோ அழைப்புக்குக் கவலையில்லை. மைனஸ் 75-க்குக் கீழே போகும் அறைக்குத்தான் ஆக்சஸ் பாயின்ட் தேவை.

அடுத்து, புதிய ரவுட்டர் உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள். நிறுவனம் தந்த பெட்டியில் கிகாபிட் போர்ட்டும் (1000 எம்பிபிஎஸ் வரை கடத்தும் கேபிள் துளை) 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் இருந்து, அது இடையில் நின்றுபோகாமல் ஓடினால் அதுவே போதும். வாங்கத்தான் வேண்டும் என்றால், அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். ஏஎக்ஸ்3000 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ் என்ற இரண்டு உச்ச வேகங்களின் கூட்டல். அந்த 2402-உம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலை (அலைவரிசைத் தடத்தை) ஏற்கும் கருவிக்குத்தான் கிடைக்கும். 80 மெகாஹெர்ட்ஸ் கைபேசிக்கு ஏட்டளவிலேயே 1201-தான். நடைமுறையில் இன்னும் குறையும். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின்பக்கத்துப் போர்ட்டுகளை. ஏசி1200 என்று விற்கப்படும் சில மலிவான ரவுட்டர்களில் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே என்பதால், 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் வீட்டுக்குள் நுழைவது நூற்றுக்கும் குறைவாகவே இருக்கும். கிகாபிட் போர்ட், வைஃபை 6 (ஏஎக்ஸ் தலைமுறை), டபிள்யூபிஏ3 பாதுகாப்பு, தொடர்ந்து மென்பொருள் புதுப்பிப்பு தரும் தயாரிப்பாளர் ஆகியவை அமைந்த ரவுட்டர் சாதாரண வீட்டுக்குத் தாராளமாகப் போதும். புதிய ரவுட்டரை மாட்டும்போது பழைய பெட்டியை, இணைப்பை மட்டும் கடத்திவிட்டு ரவுட்டர் வேலையைச் செய்யாத பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரும்படி இணைய நிறுவனத்திடம் கேளுங்கள்; இல்லையெனில் இரண்டும் தனித்தனியே முகவரி வழங்கிக்கொண்டு, விளையாட்டுக்கும் கேமராவுக்கும் தொல்லை தரும்.

மாடிக்குக் கேட் 6 கேபிள் இழுக்கும்போது அது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு மின்சாரமும் அதே கேபிளில் போவதால், மின்தடை கூடிச் சூடேறும், மின்னழுத்தமும் குறையும். நூறு மீட்டர் வரை வேகம் குறையாது என்பதால் வீட்டுக்குள் நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. கூரையில் பொருத்தும் ஆக்சஸ் பாயின்ட் வாங்கினால், அது கேட்கும் பிஓஈ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும் முறை) வகையும், கேபிளில் அந்த மின்சாரத்தைச் செலுத்தும் இன்ஜெக்டரோ ஸ்விட்சோ தரும் வகையும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்கள் சிலவற்றுக்கு 24 வோல்ட் பாசிவ் வகைதான் பொருந்தும். செலவைக் குறைக்க வேண்டுமானால், சும்மா கிடக்கும் நல்ல ரவுட்டர் ஒன்றையே ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றலாம். அந்த வசதி இல்லாவிட்டால் அதன் முகவரியை மாற்றி, டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) அணைத்து, லேன் போர்ட்டில் கேபிளைச் செருகினால் போதும்.

கேபிள் இழுக்கவே வழியில்லாத வாடகை வீட்டுக்கு, பெட்டிகள் ஒன்றோடொன்று வைஃபையிலேயே இணையும் மெஷ் உதவும். ஆனால் அதன் இரண்டாவது பெட்டியைச் சிக்னல் இல்லாத அறையில் வைக்கக் கூடாது. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் படிக்கட்டுத் திருப்பம் போன்ற நடுவிடத்தில் வைக்க வேண்டும்.

கீழே உள்ள ரவுட்டர், மாடி ஆக்சஸ் பாயின்ட் இரண்டிலும் ஒரே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஆளுக்கொன்றைக் கொடுத்து, அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஆற்றலைச் சற்றுக் குறைத்துவிட்டால், மாடி ஏறும் கைபேசி கீழ்ப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் மேலே மாறிவிடும். கூரையில் துளையிடும் முன், அதே இடத்தில் ஆக்சஸ் பாயின்ட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, முன்பு அளந்த அறைகளை மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.