கால்குலேட்டர் போதும்: செவ்வாய் மண்ணின் கனிமத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

2012 ஆகஸ்டில் செவ்வாயின் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் வயிற்றுக்குள் கெம்மின் என்றொரு கருவி இருக்கிறது. மண்ணில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று பார்க்கும். அந்தக் கோணத்தைப் படிக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் கழுவல். ராக்நெஸ்ட் என்ற மணல்மேட்டில் அள்ளிய முதல் மண்ணைச் சோதிக்கவில்லை. உள்ளே போட்டுக் குலுக்கிக் கொட்டிவிட்டார்கள். மிளகாய் அரைத்த மில்லில் ஒரு பிடி அரிசியை ஓட்டித் தள்ளுவோமே, அதுதான். பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன மிச்சம் துடைக்கப்பட வேண்டும்.

அடுத்து, சல்லடை. 150 மைக்ரானுக்குக் குறைவான தூள் மட்டும், சின்ன மாத்திரை அளவு உள்ளே போகும். தூள் இருக்கும் அறை அதிர்ந்துகொண்டே இருக்கும். துகள்கள் எல்லாப் பக்கமும் திரும்பினால்தான் எல்லா முகடுகளும், அதாவது கதிர் வலுவாகச் சிதறும் கோணங்கள் எல்லாம், தெரியும். இதற்கே பல மணி நேரம்.

சரி, இப்போது நம் வேலை. கெம்மின் தரும் வரைபடத்தில் 42.7 பாகையில் ஒரு முகடு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம்.

பாதியாக்குங்கள்: 21.35. அதன் சைன் 0.364. இரண்டால் பெருக்கினால் 0.728. கெம்மினின் கோபால்ட் எக்ஸ் கதிருக்கு அலைநீளம் 1.79 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்), அதை 0.728-ஆல் வகுத்தால் 2.46. அணு அடுக்குகளுக்கு இடையிலான தூரம் இது. எரிமலைப் பாறைகளில் இருக்கும் ஒலிவின் என்ற கனிமத்தின் வலுவான முகடு இங்கேதான் வரும்.

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா பாருங்கள். ரேடியனில் விட்டால் 1.5 என்று வரும்; அந்த இல்லாத கனிமத்தை நான் அரை மணி நேரம் தேடியிருக்கிறேன்.

ஒரு முகட்டை நம்பிப் பெயர் சூட்டாதீர்கள். 2.8, 3.9 ஆங்ஸ்ட்ராம் அருகிலும் முகடு இருந்தால்தான் ஒலிவின். ஒப்பிட, கனிமங்களின் முகடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ரஃப் (RRUFF) என்ற இணையத் தரவுத்தளம் இலவசம்.

முகடே இல்லாமல் அகலமாக ஒரு மேடு மட்டும் தெரிந்தால்? அடுக்கு ஒழுங்கில்லாத, கண்ணாடி போன்ற பொருள். ராக்நெஸ்ட் மண்ணில் ஃபெல்ஸ்பார், பைராக்சின், ஒலிவின் ஆகிய கனிமங்களோடு இதுவும் கால் பங்குக்கு மேல் இருந்தது. ஹவாய் எரிமலை மண் மாதிரி.

அப்புறம் ஒரு பயிற்சி. 2013-ல் ஜான் கிளைன் பாறையைத் துளைத்தபோது, 10.3 பாகை அருகே ஒரு முகடு வந்தது. போட்டுப் பாருங்கள்: கிட்டத்தட்ட 10 ஆங்ஸ்ட்ராம். இவ்வளவு அகலமான அடுக்கு களிமண் கனிமத்துக்கு உரியது. அந்தப் பாறையில் சுமார் 20 சதவீதம் அதுதான்; தண்ணீர் படாமல் அது உருவாகாது.