பிராதில் பெயர் எழுதுவது எப்படி? கடைப் பலகையைப் பார்த்து எழுதாதீர்கள்

பாக்கிப் பணத்துக்கு நான் தாக்கல் செய்த பிராது ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. தொகை சரி, நீதிமன்றக் கட்டணம் சரி. வாதியின் பெயர்தான் தப்பு. பில் எல்லாம் கடைப் பெயரில் இருந்ததால், வாதி இடத்திலும் 'கந்தன் டிரேடர்ஸ்' என்றே எழுதியிருந்தேன்.

தனி ஒருவர் நடத்தும் கடைக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 30, விதி 10-ன்படி மற்றவர்கள் அந்தக் கடைப் பெயரின் மேல் வழக்குப் போடலாம். உரிமையாளர் அந்தப் பெயரில் வழக்குப் போட முடியாது. நான் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். திருத்தி இப்படி எழுதினேன்:

கந்தசாமி (எ) கந்தன், வயது 45, த/பெ. முத்தையா, உரிமையாளர், கந்தன் டிரேடர்ஸ், கதவு எண், தெரு, ஊர் - வாதி

அந்த '(எ)', அதாவது 'என்கிற', முக்கியம். ஆதாரில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர் என்றால் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

அடுத்து எதிர்த்தரப்பு. விசிட்டிங் கார்டை நான் நம்புவதே இல்லை. அவர்கள் பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் சட்டப்பூர்வப் பெயர், வணிகப் பெயர், எந்த வகை நிறுவனம் மூன்றும் வந்துவிடும். தனி உரிமையாளர் என்று வந்தால் ஆளின் பெயரையே பிரதிவாதியாகப் போடுங்கள். கூட்டாண்மை என்றால் நிறுவனம் முதல் பிரதிவாதி. தெரிந்த பங்குதாரர்களையும் தனித்தனியாகச் சேர்ப்பது என் வழக்கம். தீர்ப்பு வந்தபின் ஒவ்வொருவராகத் தேடி அலைவதற்கு இது தேவலை. கம்பெனி என்றால் பதிவில் உள்ள முழுப்பெயர், 'பிரைவேட் லிமிடெட்' உட்பட. காசோலையில் கையெழுத்துப் போட்டார் என்பதற்காக மட்டும் இயக்குநரைப் பிரதிவாதியாக இழுக்க வேண்டாம்.

மைனர் என்றால் அவர் பெயரை எழுதி, மைனர் என்று குறிப்பிட்டு, யார் மூலம் வழக்கு என்பதையும் சேர்க்க வேண்டும். அரசு என்றால் துறையின் பெயர் போதாது, 'தமிழ்நாடு அரசு' என்றே வர வேண்டும் (அதே சட்டம், பிரிவு 79). பொதுவாக அதற்கு 2 மாத முன்னறிவிப்பும் தேவை; அது தனிக் கதை.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், "நான் பிரதிவாதியாகப் போட்டவர் வழக்குப் போடுவதற்கு முன்பே இறந்துவிட்டாராம், என்ன செய்வது?" என்று கேட்டார். இறந்தவர் மேல் போட்ட வழக்கு செல்லாது. வழக்கு நடக்கும்போது இறந்தால்தான் 90 நாளுக்குள் மனுப் போட்டு வாரிசுகளைச் சேர்க்கும் வழி. கேள்வி கேட்டவர், பொதுவாக, இறந்தவரின் வாரிசுகள் மேல் புதிதாகத்தான் போட வேண்டும். அதற்குள் பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போடும் 3 வருடக் காலவரம்பு முடிந்துவிட்டால் சிக்கல். அதனால் தாக்கலுக்கு முன் அந்தத் தெருப் பக்கம் ஒரு நடை போய் விசாரித்துவிடுங்கள். நான் இப்போது பக்கத்து டீக்கடையில்தான் கேட்கிறேன்.