கற்பனை நாட்டின் இடதுசாரிக் கூட்டணிக்குள் சண்டை மூட்டுவது எப்படி

கதைக்கோ விளையாட்டுக்கோ ஒரு நாட்டைக் கற்பனை செய்பவர்கள் பலர், அதன் இடதுசாரிக் கூட்டணியை "மிதவாதி, புரட்சிக்காரர்" என்று இரண்டு அட்டைப் பொம்மைகளாக நிறுத்திவிடுகிறார்கள். எனக்குச் சலிப்பாக இருக்கும். நான் சிலியைப் பார்த்து எழுதுவேன்: 1970இல் சால்வடோர் அயெந்தேவை அதிபராக்கிய மக்கள் ஒற்றுமைக் கூட்டணி.

கட்சியின் பெயரை வைத்து யார் தீவிரம் என்று முடிவு செய்யாதீர்கள். அங்கே நிதானம் பேசியது கம்யூனிஸ்ட் கட்சி. வென்றதை முதலில் உறுதிப்படுத்துவோம் என்றார்கள். சமரசமில்லாமல் முன்னேறு என்று நெருக்கியது அயெந்தேவின் சொந்த சோஷலிஸ்ட் கட்சியில் பெரும் பகுதி. தலைவருக்குத் தலைவலி சொந்த வீட்டிலேயே!

அப்புறம், கொள்கை விவாதம் எழுதாமல் ஒரு முடிவை மேஜையில் வையுங்கள். சண்டை மூட்டச் செம்புச் சுரங்கம் சரிவராது. சிலியில் 1971இல் அதை அரசுடைமையாக்க எதிர்க்கட்சிகளும் சேர்ந்தே வாக்களித்தன. தொழிலாளர்கள் தாங்களாகவே கைப்பற்றிய சின்ன ஆலை ஒன்றை வையுங்கள். முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தால் தொழிலாளி கோபிப்பான். வைத்துக்கொண்டால் சிறுவணிகரும் நடுத்தர வர்க்கமும் மிரளும். இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு பிரிவும் சொல்லும் பதிலை எழுதுங்கள், குணம் தானாக வரும்.

கூட்டணிக்கு வெளியே நின்று "போதாது" என்று கத்தும் குழுவும் தேவை. சிலியில் அது மிர் (MIR) எனப்பட்ட புரட்சிகர இடதுசாரி இயக்கம்.

நாடாளுமன்றப் பெரும்பான்மையை மட்டும் தந்துவிடாதீர்கள். அயெந்தேவுக்கும் அது இல்லை; அதிபர் தேர்தலிலேயே அவர் பெற்றது 36 சதவீத வாக்குகளுக்குச் சற்று மேல்தான்.